போகும்போது ஆறு மணி, வரும்போது பதினான்கரை மணி!

நாவலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்துக்கு வருகிற, அங்கிருந்து போகிற விமானங்கள் கண்ணில் படும். அவற்றை அண்ணாந்து பார்த்துக் கைகாட்டாத பிள்ளைகள் உண்டா? ஆனால் ஒரு விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று உங்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பீர்கள்? அப்படி எண்ணிப் பார்க்கவேண்டிய கட்டாயம் ஒரு நாள் எனக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி.

பாட்டியின் டிக்கெட்

பாட்டியின் மகள் லண்டனில் இருக்கிறார். மகளைப் பார்க்க ஜூலை மாதத்தில் பாட்டி முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன், டிக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், சென்னையில் காலை 5.30க்குப் புறப்பட்டு லண்டனில் காலை 11.30க்கு இறங்குறதாப் போட்டிருக்கு. அப்போ ஆறு மணி நேரம். ஆனா திரும்பி வரும்போது லண்டனில் பகல் 1.00க்குப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலை 3.30க்குத்தான் சென்னை. அது பதினான்கரை மணி நேரம் ஆகுதே! அதே வழிதானே?"

பின்னாலேயே வந்த பாட்டி, "ஆறு மணி நேரம்தானே தம்பி! அதனால மாத்திரையெல்லாம் பெரிய பெட்டியிலேயே வெச்சுட்டேன். இறங்கின பிறகு எடுத்துக்கலாம்" என்றார். பாட்டி காலை 6 மணிக்கு ஒன்று, மாலை 6 மணிக்கு ஒன்று என்று இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பெரிய பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் போய்விடும். நடுவழியில் அதைத் திறக்க முடியாது.

எனவே இது வெறும் புதிர்க் கணக்கு அல்ல. பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம் என்று தெரிந்தாகவேண்டும். வாருங்கள், நாமும் கணக்கிடுவோம்.

இரண்டு ஊர், இரண்டு கடிகாரம்

டிக்கெட்டில் அச்சிடும் நேரங்களுக்கு ஒரு விதி உண்டு. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணி. இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் மணி. ஆக, 5.30 என்பது சென்னைக் கடிகாரம் காட்டுவது, 11.30 என்பது லண்டன் கடிகாரம் காட்டுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது, முழக்கோலால் ஒரு முனையையும் அடிக்கோலால் மறுமுனையையும் அளப்பது போன்றது.

இரண்டு கடிகாரங்களும் ஏன் மாறுபடுகின்றன? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. அதாவது 360 பாகைக்கு 24 மணி. 15 பாகைக்கு ஒரு மணி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. எனவே லண்டனில் உள்ள கிரீனிச்சில் உச்சி வேளை ஆவதற்கு 5 மணி 21 நிமிடம் முன்னதாகவே சென்னையில் உச்சி வேளை வந்துவிடும். 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம் இந்த நேரத்தைத்தான் கணித்துத் தந்தது. இந்திய ரயில்கள்கூட ஒரு காலத்தில் 'சென்னை நேரம்' பார்த்து ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்தியப் பொது நேரம் வந்தது. அது கிரீனிச்சுக்கு 5½ மணி முந்தியது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். பாட்டி போவது ஜூலையில். ஆகவே வித்தியாசம் 5½ மணி அல்ல, 4½ மணிதான்.

இனிக் கணக்கு எளிது. சென்னையில் 5.30 என்றால் லண்டனில் நள்ளிரவு கடந்து 1.00 மணி. அங்கிருந்து 11.30 வரை எண்ணினால் 10½ மணி நேரம். திரும்பும்போது லண்டனில் பகல் 1.00 என்றால் சென்னையில் மாலை 5.30. அங்கிருந்து விடியற்காலை 3.30 வரை எண்ணினால் 10 மணி நேரம்.

கேட்டதும் பாட்டி மாத்திரைப் பையை எடுக்க எழுந்தார். ஆனால் பேரன் நகரவில்லை.

அரை மணி எங்கே போயிற்று?

அவன் தானாகவே ஒரு வழி போட்டுப் பார்த்திருந்தான். போகவும் வரவும் ஒரே நேரம்தான் ஆகும் என்று வைத்துக்கொண்டான். போகும்போது கடிகார வித்தியாசம் கழிகிறது, 6 மணி கிடைக்கிறது. வரும்போது அதே வித்தியாசம் கூடுகிறது, 14½ மணி கிடைக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பயண நேரம் 10¼ மணி. இரண்டின் வேறுபாட்டை இரண்டால் வகுத்தால் கடிகார வித்தியாசம் 4¼ மணி.

நல்ல வழிதான். ஆனால் உண்மையான வித்தியாசம் 4½ மணி அல்லவா? கால் மணி இடிக்கிறது. விடையில் பிழை என்றால், தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதில் பிழை இருக்கவேண்டும். 'போகவும் வரவும் ஒரே நேரம்' என்பதுதான் அந்தப் பிழை. போக 10½ மணி, வர 10 மணி. "ஒரே வழியில் ஏன் சார் அரை மணி நேரம் குறையுது?" என்றான்.

இதற்கு விடை சொல்ல முதலில் தூரம் தெரியவேண்டும்.

நூலால் அளப்போம்

உங்கள் பள்ளியில் பூகோள உருண்டை இருக்கும். ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. ஆனால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 94 செ.மீ. உண்மையான பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. எனவே உருண்டையில் ஒரு செ.மீ. என்பது பூமியில் சுமார் 425 கி.மீ. நூலின் நீளம் 19½ செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். பெருக்கிப் பாருங்கள். 8,200 கி.மீ.க்குச் சற்று மேலே கிடைக்கும்.

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நூலை விட்டுவிட்டுத் திரிகோணமிதியால் கணக்கிடலாம். விமான நிலையங்களின் இருப்பிடம் இதோ: சென்னை வடக்கு 13 பாகை, கிழக்கு 80.2 பாகை, லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.5 பாகை, மேற்கு 0.4 பாகை. தீர்க்கரேகை வேறுபாடு 80.6 பாகை.

முதலில் இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.225 × 0.783 = 0.176. அடுத்து இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளோடு, தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.974 × 0.623 × 0.163 = 0.099. இரண்டையும் கூட்டினால் 0.275. எந்தக் கோணத்தின் கொசைன் 0.275? ஏறக்குறைய 74 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களும் 74 பாகை விலகியிருக்கின்றன என்று பொருள். ஒரு பாகைக்குத் தரையில் 111.2 கி.மீ. எனவே தூரம் சுமார் 8,230 கி.மீ. நூலும் திரிகோணமிதியும் ஒரே விடையைத் தருவதைப் பாருங்கள்!

பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி

ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம். அதை யாரோ ஒருவர் தரையில் அளந்து பார்த்திருக்கவேண்டும் அல்லவா? பூமியின் வடிவத்தையும் அளவையும் உறுதி செய்ய உலகின் பல பகுதிகளில் அளவைகள் நடந்தன. அவற்றில் மிகப் பெரிய ஒன்று, இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பரங்கிமலையில் தொடங்கியது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பவர் அங்கே அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை நீட்டி, சுமார் 12 கி.மீ. தூரத்தை அளந்தார். வெயிலில் எஃகு நீளுமே! எனவே ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்யவேண்டியிருந்தது. அந்த ஒரு கோட்டை அளக்க ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. பிறகு அதன் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், இந்தியா முழுவதையும் அளந்தார்கள்.

அந்த மலையின் காலடியிலிருந்து இன்று விமானங்கள் கிளம்புகின்றன. விமானியின் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லும் தூரத்துக்குப் பின்னால் இத்தகைய பொறுமையான உழைப்பு இருக்கிறது.

வரைபடம் செய்யும் மாயம்

இனிச் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்துக்கு வருவோம். அதில் சென்னையையும் லண்டனையும் அடிக்கோலால் இணைத்தால் கோடு எங்கே போகிறது? அரபிக்கடலைக் கடந்து, ஓமான் வளைகுடாவைத் தொட்டு, ஈராக், சிரியா பக்கமாக ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. ஆனால் உருண்டையில் நூல் படிந்த வழி வேறு. பயணத்தின் கால் பங்கில் பாகிஸ்தானின் சிந்துப் பகுதி, சரிபாதியில் காஸ்பியன் கடல், முக்கால் பங்கில் மால்டோவா, உக்ரைன் எல்லை என்று வடக்கே வளைந்து போகிறது.

எது குறுக்கு வழி? உருண்டை சொல்வதே உண்மை. சாத்துக்குடித் தோலை உரித்து மேஜைமேல் தட்டையாகப் பரப்ப முயன்றால் அது கிழியும். கிழியாமல் பரப்பவேண்டுமானால் சில இடங்களை இழுத்து நீட்டவேண்டும். 1569ல் மெர்க்கேட்டர் என்பவர் வரைந்த உலகப்படம், துருவங்களை நெருங்க நெருங்க இடங்களை அப்படித்தான் நீட்டிக் காட்டுகிறது. திசைகாட்டியின் ஒரே திசையில் கப்பலைச் செலுத்திக்கொண்டே போக அந்தப் படம் மாலுமிகளுக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அந்தப் படத்தின் நேர்கோடு உருண்டையில் நேர்வழி அல்ல. சென்னையிலிருந்து லண்டனுக்கு அந்தக் கோட்டின் மேலேயே போனால் சுமார் 8,480 கி.மீ. ஆகும். நூல் காட்டும் வழியைவிட 250 கி.மீ. அதிகம்!

உருண்டையில் நூல் படியும் இந்த வழிக்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர். ஊர்கள் விலக விலக இதன் ஆதாயமும் கூடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோருமே பெண்கள். மேற்கே பசிபிக்கைத் தாண்டவும் இல்லை. கிழக்கே அட்லாண்டிக்கைத் தாண்டவும் இல்லை. வட துருவத்தின் மேலாக வந்தார்கள்! சுமார் 14,000 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். சுவர் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பைத்தியக்கார வழியாகத் தோன்றும். உருண்டையைக் கையிலெடுத்தால் அதுதான் நேர்வழி.

நேர்வழி கிடைத்தாலும் அதில் போகமுடியாத சமயங்கள் உண்டு. 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும் பகுதியை மூடியிருந்தது. போர் காரணமாக 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நம் நூல் இரண்டு நாடுகளின் மேலும் போகிறதல்லவா? வழி அடைபட்டால் விமானம் சுற்றிப் போகவேண்டும்; நேரமும் எரிபொருளும் கூடும். ஆகவே பாட்டியின் விமானம் சற்றே வளைந்து 8,500 கி.மீ. பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பூமி சுழல்வதால்தானா?

இப்போது அரை மணி நேரத்துக்கு வருவோம். பேரன் ஒரு விடை வைத்திருந்தான். "பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுத்துது. லண்டனுக்குப் போறப்ப லண்டன் நம்மை நோக்கி வருது. அப்போ போகிற பயணம்தானே சீக்கிரம் முடியணும்?"

பலரும் கேட்கும் கேள்வி இது. பூமியின் சுழற்சியால் சென்னையிலுள்ள நாம் மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். அவன் சொல்வது சரியானால் விமானம் தேவையே இல்லை. ஒரு ஹெலிகாப்டரில் ஏறி ஐந்தேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அந்தரத்தில் நின்றால் போதும், லண்டனின் தீர்க்கரேகை நம் காலடிக்கு வந்துவிடும்! அப்படி ஏன் நடப்பதில்லை?

பழைய மாமல்லபுரம் சாலையில் ஓடும் பஸ்ஸுக்குள் நின்று ஒரு நாணயத்தைச் சுண்டிவிடுங்கள். அது பின்சீட்டில் போய் விழுகிறதா? இல்லை, உங்கள் கைக்கே திரும்புகிறது. பஸ்ஸின் வேகம் நாணயத்துக்கும் உண்டு, பஸ்ஸுக்குள் இருக்கும் காற்றுக்கும் உண்டு. பூமியும் அப்படித்தான். தன் காற்றுப் போர்வையையும் சேர்த்துக்கொண்டே அது சுழல்கிறது. விமானம் நீந்துவது அந்தக் காற்றில். எனவே பூமியின் சுழற்சி மட்டும் பயணத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

காற்றின் கணக்கு

ஆனால் அந்தக் காற்றுப் போர்வை அசையாமல் இருப்பதில்லை. முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் நீர் கடலை நோக்கி வடியும்போது படகு ஓட்டுபவரைக் கேளுங்கள். கடல் பக்கம் போவது எளிது, திரும்புவது கடினம். விமானத்துக்கும் இதே கதைதான். தரையைப் பொறுத்த வேகம் என்பது, விமானத்தின் வேகத்தோடு காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ கிடைப்பது.

விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் நடு அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. சில இடங்களில் அது குறுகிய ஆறுபோல, மணிக்கு 150, 200 கி.மீ. வேகத்திலும் பாயும். இதுதான் ஜெட் காற்றோட்டம். லண்டனுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று.

பாட்டியின் பயணத்தில் காற்று எவ்வளவு என்று டிக்கெட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்! தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரத்தைக் கழித்துவிடுவோம். போக 10 மணி, வர 9½ மணி. 8,500ஐ வகுத்தால் போகும் வேகம் மணிக்கு 850 கி.மீ., வரும் வேகம் சுமார் 895 கி.மீ. சராசரி 872 என்பது விமானத்தின் வேகம். வேறுபாட்டில் பாதி, அதாவது மணிக்கு 22 கி.மீ., வழி நெடுகக் காற்றின் சராசரி. கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளந்துவிட்டோம்!

'ஜெட் காற்று 150 கி.மீ. என்றீர்களே, 22 தானா?' என்று நீங்கள் கேட்கலாம். விமானம் அந்த ஆற்றை வழியில் சில இடங்களில் மட்டும், அதுவும் சாய்வாகத்தான் கடக்கிறது. தவிர, ஜூலையில் நம் தலைக்கு மேலே ஒரு விசித்திரம் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல், ஏறக்குறைய 14, 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. 1950களில் அதை விரிவாக ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். அதன் ஓரத்தில் பறக்கும் மேற்குநோக்கிய விமானத்துக்கு முதல் சில மணி நேரம் பின்காற்றுக்கூடக் கிடைக்கலாம். குளிர்காலத்தில் இந்த உதவி இல்லை. அப்போது வட இந்தியாவின் மேல் மேற்கத்திய ஜெட் காற்று பலமாக வீசும். எனவே போகவும் வரவும் ஆகும் நேர வேறுபாடு இன்னும் கூடும்.

மாத்திரை எந்த மணிக்கு?

பேரன் நோட்டில் இரண்டு வரிசை போட்டான். ஒன்று சென்னை மணி, மற்றொன்று லண்டன் மணி. விமானம் லண்டனில் இறங்கும் 11.30க்குச் சென்னையில் மாலை 4.00. பாட்டியின் மாலை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம்தான் பாக்கி. லண்டன் கடிகாரம் 6.00 காட்டட்டும் என்று காத்திருந்தால் சென்னையில் இரவு 10.30 ஆகிவிடும், மாத்திரை நாலரை மணி நேரம் தாமதம். கடிகாரத்தின் முள்ளை நாம் திருப்பிவிடலாம். உடம்பின் கடிகாரம் அப்படி உடனே திரும்பாது. திரும்பி வரும்போதோ, லண்டன் மணி மாலை 6.00 ஆகும்போது பாட்டி நடுவானில் இருப்பார். பெரிய பெட்டி எட்டாத இடத்தில் இருக்கும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியும் பேரனும் டாக்டரிடம் போனார்கள். எந்த மணிக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். டாக்டர் அதிலேயே பேனாவால் குறித்துக் கொடுத்தார். மாத்திரைகள் கைப்பைக்கு மாறின. பாட்டி தம்முடைய பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைச் சென்னை மணியிலேயே விட்டுவிட்டார். "விமானத்துல இருக்கிறவரைக்கும் எனக்கு இதுதான் கணக்கு" என்றார். நல்ல இயற்பியல்தான்!

நீங்களே செய்து பாருங்கள்

1. சிங்கப்பூர் மணி நம் மணிக்கு 2½ மணி முந்தியது. ஒரு விமானம் சென்னையில் இரவு 11.00க்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் காலை 5.45க்கு இறங்குகிறது. பயணம் எவ்வளவு நேரம்?

2. சிங்கப்பூர் விமான நிலையம் வடக்கு 1.4 பாகை, கிழக்கு 104 பாகையில் உள்ளது. சென்னையிலிருந்து தூரம் என்ன? நூலாலும் அளந்து ஒப்பிடுங்கள்.

3. பாட்டி ஜனவரியில் போயிருந்தால்? சென்னையில் காலை 5.30க்குப் புறப்பட்டு 11 மணி நேரம் பறந்தால், லண்டன் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு இறங்குவார்?

விடைகள்: (1) 4¼ மணி நேரம். (2) சுமார் 2,920 கி.மீ.; 30 செ.மீ. உருண்டையில் நூல் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. (3) காலை 11.00 மணிக்கு.